ஒரு புத்தகம்கூடத் தொலையாத நூலகம் யாருக்கு?

ஏப்ரல், பள்ளிகளில் கணக்கு முடிக்கும் மாதம். ஒரு பக்கம் தேர்வு நடந்துகொண்டிருக்கும். இன்னொரு பக்கம் அரிசி இருப்பு, விளையாட்டுப் பொருள் இருப்பு, ஆய்வகக் குடுவை இருப்பு என்று ஒவ்வொரு பதிவேடாகச் சரிபார்ப்பார்கள். வரிசையில் கடைசியாக வருவது நூலகப் பதிவேடு. அதை யாரும் ஒரு செய்தியாக நினைப்பதில்லை. நாங்கள் நினைக்கிறோம்.

கொல்லிமலையில் இரண்டு அரசுப் பள்ளிகளுக்கு இந்தக் கல்வியாண்டு முழுக்கப் போய்வந்தோம். பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிப்பது, புத்தகங்களுக்கு எண் போடுவது, அட்டை ஒட்டுவது, இவ்வளவுதான் எங்கள் வேலை. பள்ளிகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நாங்கள் பேசவருவது அந்தப் பள்ளிகளைப் பற்றிய புகார் அல்ல. தமிழ்நாட்டின் எந்த மூலையிலும் இதே கதைதான் இருக்கும்.

முதல் பள்ளியின் பதிவேட்டில் ஆண்டு இறுதிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: "நூல்கள் அனைத்தும் சரியாக உள்ளன. இழப்பு: இல்லை." இரண்டாவது பள்ளியில் 14 புத்தகங்களைக் காணவில்லை. பொறுப்பில் இருந்த ஆசிரியை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தால் முதல் பள்ளிக்குப் பாராட்டு, இரண்டாவது பள்ளிக்கு விளக்கம் கேட்டு மெமோ. இதுதான் நடைமுறை. ஆனால் முதல் பள்ளியின் இரவல் நோட்டைப் புரட்டினால் கடைசியாக எழுதியது நவம்பர் மாதம். அதற்குப் பிறகு பக்கங்கள் வெள்ளையாக இருக்கின்றன. இரண்டாவது பள்ளியில் ஒரு நோட்டு தீர்ந்து, இன்னொரு நோட்டும் பாதிக்கு மேல் போயிருந்தது. இரவல் பதிவுகள் இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தன. பேனா மை, பென்சில், கோணல் எழுத்து, அடித்துத் திருத்திய தேதி எல்லாம் அதில் இருந்தன.

எது நூலகம், எது கிடங்கு என்று நீங்களே சொல்லுங்கள் தோழர்களே.

சாவி யார் கையில்?

கொல்லிமலையைப் பற்றித் தெரியாதவர்களுக்காக. நாமக்கல் மாவட்டம், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு, செம்மேடு. மலையில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை, மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள். மிளகு, காபி, பலா, அன்னாசி, குச்சிக்கிழங்கு என்று விளைகிற மண். இருந்தும், கூலிக்காகக் கேரளத்து எஸ்டேட்டுக்கும் குடகுக்கும் குடும்பத்தோடு இறங்கிப் போகிறவர்கள் ஏராளம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. பழங்குடி மக்களிடம் அது 54 விழுக்காடுதான். இந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய இடங்களில் ஒன்று பள்ளி நூலகம். அது ஓர் இரும்பு பீரோவுக்குள் இருக்கிறது. பீரோவுக்குப் பூட்டு இருக்கிறது.

ஏன் பூட்டு என்று முதல் பள்ளியின் ஆசிரியரிடம் கேட்டோம். மனிதர் நல்லவர். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தன் பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர். அவர் சொன்னார்: "தம்பி, நாளைக்கே எனக்கு மாறுதல் வந்தா அடுத்தவர்கிட்ட எண்ணி ஒப்படைக்கணும். குறைஞ்சா நான்தான் கட்டணும். தணிக்கைல கேப்பாங்க. எதுக்கு வம்பு?"

அவர் வில்லன் அல்ல. நாங்கள் போன இரண்டு பள்ளிகளிலும் நூலகர் என்று தனியாக ஒருவர் இல்லை. ஏதோ ஒரு பாட ஆசிரியர் தலையில் நூலகம் கூடுதல் பொறுப்பாக விழுகிறது. சம்பளம் கூடாது, பயம் மட்டும் கூடும். பயப்படுகிற மனிதர் பூட்டத்தான் செய்வார்.

ஆனால் பயத்துக்குக் கீழே இன்னொன்றும் இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். "இந்தப் பிள்ளைங்க கிழிச்சிடும்." "கை எல்லாம் அழுக்கு." "இதுங்க வீட்ல புத்தகம் வைக்க இடம் ஏது?" இந்த வாக்கியங்களை நாங்கள் மலையிலும் கேட்டிருக்கிறோம், சமவெளியில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் கேட்டிருக்கிறோம். சொல்பவர்கள் சாதி பார்த்துச் சொல்வதாக நினைப்பதில்லை. ஆனால் 'தொடாதே' என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. சாத்தாராவில் பள்ளிக்குப் போன சிறுவன் அம்பேத்கர், உட்காரத் தன் சாக்குத் துணியைத் தானே கொண்டுபோக வேண்டியிருந்தது. தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும், பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. குழாய்க்குப் பதில் பீரோ, பியூனுக்குப் பதில் சாவி வைத்திருக்கும் சார் என்று மாற்றிப் பாருங்கள். சார் விடுப்பில் போனால் அன்றைக்குப் புத்தகம் இல்லை. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் பம்பாய் தாதரில், தன் புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்பதையும் மனதில் வைத்து ராஜகிருகத்தைக் கட்டினார்.

நம் பிள்ளைகளுக்குப் புத்தகத்தின் அருமை தெரியாது என்பவர்களுக்கு இன்னொரு கதை. அயோத்திதாசப் பண்டிதரின் தாத்தா கந்தப்பன், ஹாரிங்டன் என்ற வெள்ளைக்காரரிடம் பட்லராக இருந்தவர். அவர் வீட்டில் பாதுகாத்துவைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடிதான் ஹாரிங்டன் வழியாக எல்லிஸ் கைக்குப் போனது என்று பண்டிதர் பதிவு செய்திருக்கிறார். சேரிக் குடும்பம் ஒன்று காத்துக் கொடுத்த நூல் அது. யாருடைய கை அழுக்கு?

தொலைவதற்கும் விதி உண்டு

'தொலைந்தால் கட்ட வேண்டும்' என்பது ஏதோ இயற்கை நியதி போல எல்லோரும் பேசுகிறார்கள். அப்படி இல்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017-ஐ எடுத்துப் பாருங்கள். விதி 215 நூலகப் புத்தகங்களின் சரிபார்ப்பைப் பற்றியது. 20 ஆயிரம் புத்தகம் வரை உள்ள நூலகத்தை ஆண்டுதோறும் முழுமையாகச் சரிபார்க்க வேண்டும் என்கிறது. அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: ஓர் ஆண்டில் இரவல் கொடுத்த அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைவது நியாயமான இழப்பு. நேர்மையின்மையோ அலட்சியமோ இருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

இதை மெதுவாகப் படியுங்கள். அலமாரியில் இருக்கும் ஆயிரத்துக்கு ஐந்து அல்ல, பயன்பட்ட ஆயிரத்துக்கு ஐந்து. பீரோவைத் திறக்காத பள்ளிக்கு ஒரு புத்தகம் தொலைக்கவும் அனுமதி இல்லை. நான்காயிரம் முறை இரவல் கொடுத்த பள்ளிக்கு இருபது வரை அனுமதி. எவ்வளவு கொடுக்கிறாயோ அவ்வளவு தொலையும் என்பது நிதித் துறைக்கே புரிந்திருக்கிறது.

இது மத்திய அரசு நிறுவனங்களுக்கான விதி, மாநில அரசுப் பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. தெரியும். ஆனால் டெல்லியில் ஏசி அறையில் இருக்கும் நூலகத்துக்கு இந்தச் சலுகை நியாயம் என்றால், மழையில் நனைந்துகொண்டு நடந்து வீட்டுக்குப் போகிற கொல்லிமலைப் பிள்ளைக்கு ஏன் நியாயம் இல்லை? சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவதே, புத்தகங்கள் இருப்பது பயன்படுத்தத்தான் என்பது. நாட்டின் முதல் பொது நூலகச் சட்டங்களில் முன்னோடியான 1948-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. இன்றைக்கும் நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி. மலையில் ஓட்டு வீட்டுக்கு ரசீது போடும்போதும் அந்தப் பத்துக் காசு சேர்ந்தே போகிறது. அந்தப் பணம் பொது நூலகங்களுக்குப் போவது, பள்ளி நூலகத்துக்கு அல்ல என்பது உண்மை. ஆனாலும் நூலகத்துக்குக் காசு கொடுப்பவர்களின் பிள்ளைகளிடம் 'உங்களுக்கு எதற்குப் புத்தகம்' என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணையும் ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், பத்திரிகை, கதைப் புத்தகம் உட்பட எல்லாப் பாட நூல்களும் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. இருக்க வேண்டும் என்பது பூட்டி இருக்க வேண்டும் என்பதல்ல.

14 புத்தகங்களைத் தேடிப் போனோம்

இரண்டாவது பள்ளியின் ஆசிரியையிடம், "பட்டியலைக் கொடுங்க டீச்சர், நாங்க போய்க் கேட்டுட்டு வர்றோம்" என்றோம். இரவல் நோட்டில் பெயர் இருந்ததால் தேடுவது கடினமாக இல்லை. மலையில் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கு இருப்பதுதான் கடினம். மூன்று நாள் நடந்தோம்.

ஒன்பது புத்தகங்கள் கிடைத்தன. ஒன்று அரிசிப் பானை மேல் இருந்தது. அந்த வீட்டில் பள்ளிக்குப் போகாத சின்னப் பாப்பா ஒன்று படங்களைக் காட்டிக் காட்டித் தானே கதை சொல்லிக்கொண்டிருந்தது. இன்னொன்று மழையில் ஊறி உப்பிப் போயிருந்தது. அதைத் திருப்பித் தர வெட்கப்பட்டே அந்தப் பையன் பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை. இதைக் கேட்டபோது எங்களுக்குச் சுருக்கென்றது. அபராத பயம் ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்தே துரத்திவிடும். ஒரு வீட்டில் எஸ்டேட்டிலிருந்து திரும்பிய அப்பா, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர், "இன்னும் நாலு பக்கம் இருக்குது, முடிச்சிட்டுத் தர்றேன்" என்றார். இந்த வாசகரைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் எழுத இடம் கிடையாது.

நான்கு புத்தகங்கள் உண்மையிலேயே தொலைந்துவிட்டன. ஆக, மீதி ஒன்று.

அது ஒன்பதாம் வகுப்பு மாணவி எடுத்துப்போன புத்தகம். கோள்களையும் நட்சத்திரங்களையும் பற்றிய மெல்லிய புத்தகம். பொங்கல் விடுமுறைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஏஜென்ட் ஒருவர் மூலமாகத் திருப்பூர்ப் பக்கம் ஒரு மில்லுக்குப் போய்விட்டாள் என்று அவள் அம்மா சொன்னார். துணிப்பையில் அந்தப் புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு போனாளாம். பிறகு அந்த அம்மா, கோபம் இல்லாமல், சாதாரணமாகக் கேட்டார்: "புத்தகத்தக் கேட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. புள்ளயக் கேட்டு யாரும் வரலயே?"

நாங்கள் பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு புத்தகம் குறைந்தால் பதிவேடு பதறுகிறது. ஒரு பிள்ளை குறைந்தால் எமிஸ் தளத்தில் அவள் பெயர் 'காமன் பூல்' என்ற தொகுப்புக்கு நகர்கிறது. ஆசிரியர் இரண்டு முறை போன் செய்வார், எண் உபயோகத்தில் இல்லை என்று வரும். எட்டாம் வகுப்பைத் தாண்டிவிட்டதால் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பும் அவளுக்கு இல்லை. நூலகத்திலிருந்து நூற்பாலைக்குப் போன அவளுக்கும் பள்ளிக்கும் மிச்சமிருந்த ஒரே தொடர்பு அந்த இரவல் பதிவுதான். அந்தப் பதிவு இல்லாவிட்டால் நாங்களும் அந்த வாசலுக்குப் போயிருக்க மாட்டோம்.

இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தோம். தொலைந்த புத்தகங்களின் பட்டியல் என்பது குற்றப் பட்டியல் அல்ல. அது வாசிக்க விரும்பிய பிள்ளைகளின் பட்டியல். சில சமயம், நாம் தொலைத்துவிட்ட பிள்ளைகளின் பட்டியல். 'இழப்பு: இல்லை' என்று எழுதிய பள்ளியிலும் பிள்ளைகள் நின்றுபோயிருப்பார்கள். அவர்களைத் தேடிப் போக அங்கே ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

நம் தவறு

அரசைக் கேட்பதற்கு முன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். சென்ற ஆண்டு நாங்கள் மலைக்கு மூன்று அட்டைப்பெட்டிகள் கொண்டுபோனோம். நகரத்தில் திரட்டிய புத்தகங்கள். திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் பழைய போட்டித் தேர்வு கைடுகள், யாரோ வீட்டைக் காலி செய்யும்போது கொடுத்த ஆன்மிகப் புத்தகங்கள், நம் இயக்கத்தின் விற்காத துண்டறிக்கைகள். பிள்ளைகள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. பழைய சோற்றைப் போடுவது போலப் பழைய புத்தகத்தைப் போட்டுவிட்டுப் படம் எடுத்துப் போடுவதற்கு நாமும் பழகியிருக்கிறோம். பள்ளிக் கல்வித் துறை 'வாசிப்பு இயக்கம்' என்று நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாகச் சிறு நூல்களைக் கொண்டுவந்திருக்கிறது. அவற்றை வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆர்வம் இல்லை என்பது பொய், அவர்களுக்கேற்ற புத்தகம் நம் பெட்டியில் இல்லை என்பதே உண்மை.

இன்னொரு குறையும் இருக்கிறது. ஆடி மாதம் வந்தால் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய மன்னனுக்குச் சிலை இருக்கிறது, விழா இருக்கிறது. ஆனால் இன்றைய மலையாளிப் பாட்டி ஒருத்தி சொல்லும் கதை அச்சில் ஒரு புத்தகமாக அந்த பீரோவில் இல்லை. சாமை, திணை விதைத்த கதை, எஸ்டேட்டுக்கு நடந்த கதை எதுவும் இல்லை. தன்னை ஒரு பக்கத்திலாவது பார்க்காத பிள்ளை, புத்தகம் யாரோ மேலே இருப்பவர்களுடைய பொருள் என்றுதான் நினைக்கும்.

இப்போது, இந்தக் கோடையில்

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் எந்தத் துறையின் கீழ் இருக்க வேண்டும் என்ற விவாதம், 2023-24 நிதிநிலை அறிக்கையில் எல்லாப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக அறிவித்ததிலிருந்து நடக்கிறது. அதில் நம் தோழர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அந்த விவாதம் நடக்கட்டும். எந்தத் துறையிடம் போனாலும் பீரோவின் சாவியும் கூடவே போகும். அதனால் சாவியைப் பற்றி இப்போதே பேசுவோம்.

எங்கள் கோரிக்கைகள் இவை:

1. கோடை இரவல். ஏப்ரலில் பீரோவைப் பூட்டி ஜூனில் திறக்கிறோம். பிள்ளைகளுக்கு நேரம் இருக்கும் ஒரே பருவத்தில் புத்தகம் சிறையில் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் மூன்று புத்தகங்களோடு வீட்டுக்குப் போகட்டும். 300 பிள்ளைகள் என்றால் 900 இரவல். மேலே சொன்ன விதிப்படி பார்த்தால் நான்கைந்து புத்தகம் தொலையலாம். தொலையட்டும்.

2. அரசாணை. பள்ளி நூலகங்களுக்கு, இரவல் எண்ணிக்கையின் அடிப்படையில் நியாயமான இழப்பு வரம்பைத் தமிழ்நாடு அரசு அறிவிக்க வேண்டும். அந்த வரம்புக்குள் ஆசிரியர் சம்பளத்திலும் பிடிக்கக் கூடாது, பிள்ளையிடமும் அபராதம் கேட்கக் கூடாது.

3. வேறு மாதிரியான ஆண்டறிக்கை. எத்தனை புத்தகம் இருக்கிறது என்பதோடு, எத்தனை முறை வெளியே போனது, அதிகம் கிழிந்த புத்தகம் எது, ஒரு முறைகூட எடுக்காத புத்தகம் எது என்று எழுதிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வாசிக்க வேண்டும்.

4. புத்தகம் திரும்பாத வீட்டுக்கு ஒருவர் நேரில் போக வேண்டும். புத்தகத்தைக் கேட்க அல்ல, பிள்ளையைக் கேட்க.

5. வாங்கும் பட்டியலில் பிள்ளைகளின் கை. மலை மக்களின் கதைகளை அவர்கள் பேச்சிலேயே தொகுத்து அச்சிட வேண்டும்.

மாணவத் தோழர்கள் செய்யக் கூடியது நிறைய இருக்கிறது. மே 1 கிராம சபை. உங்கள் ஊர்ப் பள்ளி நூலகத்தைப் பற்றி ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு போங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். மூன்று ஆண்டுகளில் எத்தனை இரவல், நூல் வாங்க எவ்வளவு ஒதுக்கீடு என்று கேளுங்கள். ஆனால் ஒன்று: அந்த மனுவை ஆசிரியர் மேல் எறியும் கல்லாக ஆக்காதீர்கள். அவர் இன்னும் கொஞ்சம் பயந்தால் இன்னொரு பூட்டு வாங்குவார். முதலில் போய் அவரோடு உட்காருங்கள், புத்தகத்துக்கு எண் போட்டுக் கொடுங்கள், பிறகு கேளுங்கள்.

நாங்கள் மலையிலிருந்து இறங்கும் நாளில் அந்த ஆசிரியை பதிவேட்டை முடித்துக்கொண்டிருந்தார். நான்கு புத்தகங்களுக்கு நேராக 'தொலைந்தது' என்று எழுதினார். கோள்கள் பற்றிய புத்தகத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: "மாணவியிடம் உள்ளது."

மில்லுக்குப் போனவள் பதிவேட்டில் இன்னும் மாணவிதான். அவளைத் திரும்பக் கொண்டுவரும் வேலையை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் மனு கொடுத்துத் தொடங்கியிருக்கிறோம். என்ன ஆகும் என்று இப்போது உறுதி சொல்ல முடியாது. முடிந்ததும் எழுதுகிறோம்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போங்கள். பீரோவின் சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஜெய் பீம்.